கூகுளில் தேடினால் நம்ம கடை வரவில்லையே! நெல்லைப் பக்கத்து வலைத்தளக்காரர்கள் உதவுங்கள்

பத்தமடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் கோரைப்பாய் நெசவு பரம்பரைத் தொழில். மாமியாரும் நாத்தனாரும் தறியில் இருக்கிறார்கள், விற்பனையும் கணக்கும் என் தலையில். ஒரு கம்பெனியிடம் பணம் கொடுத்து வலைத்தளம் போட்டோம். "முதல் பக்கத்துக்குக் கொண்டு வருவது எங்கள் பொறுப்பு, கியாரண்டி" என்றார்கள். மாதம் பிறந்தால் பணம் போகிறது, பதிலுக்கு ஒரு பிடிஎஃப் அறிக்கை வருகிறது. எங்கள் கடைப் பெயரைத் தேடினால் முதலிடம் என்று அதில் பச்சை நிறத்தில் போட்டிருக்கும். கடைப் பெயர் தெரிந்தவர் எதற்குத் தேடப் போகிறார், நேரே போன் போடுவாரே!

பத்தமடை பாய், கல்யாணப் பாய், கோரைப்பாய் விலை என்று தேடினால் பெரிய விற்பனைத் தளங்கள் வருகின்றன, பத்திரிகைக் கட்டுரைகள் வருகின்றன, பாயே நெய்யாத வெளியூர்க் கடைகள் வருகின்றன. நாங்கள் எங்கும் இல்லை. என்ன செய்தால் வரும்? கம்பெனியை விட்டுவிடலாமா? எஸ்இஓ என்றால் என்ன என்றே சரியாகத் தெரியாது, புரியும்படி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜங்ஷன் அண்ணாச்சி:

தங்கச்சி, எஸ்இஓ என்றால் தேடலில் நம் பக்கம் மேலே வரும்படி தளத்தைச் சீர்செய்கிற வேலை, அவ்வளவுதான். பணத்தை நிறுத்துவதை அப்புறம் பார்ப்போம். முதலில் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் வாங்கப்பட்டிருக்கிறது? தளத்தை வைத்திருக்கிற வாடகை இடமான ஹோஸ்டிங் கணக்கு யாருடைய மின்னஞ்சலில்? தேடலில் தளம் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டுகிற சர்ச் கன்சோலில் உரிமையாளர் யார்? மூன்றும் அவர்கள் கையில் இருக்கும்போது வாய்த்தகராறு வந்தால் தளமே ஒருநாள் காணாமல் போகும். இந்த ஊரிலேயே அப்படி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரித்துப் பேசிக்கொண்டே டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். மாற்றின பிறகு பேசுகிற பேச்சே வேறு.

கியாரண்டி விஷயம். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன்னுடைய வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலில் கொண்டு வருகிறோம்" என்று போன் வந்தாலும் வைத்துவிடுங்கள்.

சர்ச் கன்சோல் இலவசம். டொமைன் வாங்கிய இடத்தில், அதன் அமைப்புகளில் டிஎன்எஸ் பதிவு என்று கூகுள் தருகிற ஒரு வரியைச் சேர்த்தால் அது உங்கள் தளம்தான் என்று ஒப்புக்கொள்ளும். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், எந்த இடத்தில் நின்றீர்கள் என்று 16 மாதத்துக் கணக்கு வரை காட்டும். அந்தப் பச்சைக் கலர் பிடிஎஃப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதைப் பாருங்கள்.

வள்ளியூர் வெப்:

அக்கா, தனிச்செய்தியில் நீங்கள் அனுப்பிய முகவரியைத் திறந்து பார்த்தேன். நான் தளம் செய்து கொடுக்கிறவன்தான், அதனால் தொழில்காரனைப் பழிக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு ஒன்றே: "முகப்பு". உலாவியின் மேல்பட்டையில் தெரியுமே, அந்தத் தலைப்பு. கூகுளில் நீல நிறத்தில் வருகிற வரி பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பக்கம் எதைப் பற்றியது என்று கூகுளுக்கும் சரி, தேடி வருகிறவருக்கும் சரி, முதலில் சொல்கிற வரி அது. அங்கே "முகப்பு" என்று இருந்தால் யார் வீட்டு முகப்பு?

பாயின் பெருமை, அளவு, ரகம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அத்தனையும் ஒரு பெரிய போஸ்டர் படத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் எழுத்தாக இருப்பது "மேலும் அறிய", "விலைக்கு அழைக்கவும்", உங்கள் போன் நம்பர், அவ்வளவுதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பிப் பக்கத்தை விடக்கூடாது. கைப்பேசியில் அந்த எழுத்து எறும்பு சைஸுக்குத் தெரிகிறது என்பது தனிக்கதை.

அப்புறம் ஒன்று, இது கொஞ்சம் வில்லங்கம். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "பத்தமடை பாய் சென்னை, பத்தமடை பாய் மதுரை, பத்தமடை பாய் கோவை, பத்தமடை பாய் பெங்களூரு" என்று ஊர் ஊராக ஓடுகிறது. மவுஸை வைத்து இழுத்துப் பாருங்கள், தெரியும். மறைத்த எழுத்து, சொல் திணிப்பு இரண்டுமே கூகுளின் ஸ்பேம் விதிகளில் இருக்கிறது. முதல் வேலையாக அதை எடுங்கள்.

கல்லிடை அப்பளம்:

அட, எங்கள் தளத்திலும் அந்த வெள்ளை எழுத்து இருக்கிறது. இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன்.

திசையன்விளை கருப்பட்டி:

என்னவே இது, பாய் விற்கிறதுக்கு இத்தனை பாடா? நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறேன், மணியார்டர் காலத்து வாடிக்கையாளர்களின் பிள்ளைகளெல்லாம் ஜிபேயில் அனுப்புகிறார்கள். தளத்துக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு சிப்பம் கருப்பட்டி கூட வாங்கி வைக்கலாம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:

கருப்பட்டிக்காரரே, உங்கள் ஸ்டேட்டஸைப் பார்க்க உங்கள் நம்பர் வேண்டும். உங்கள் நம்பர் இல்லாதவர் எங்கே போவார்? பழகின ஆளுக்கு வாட்ஸ்அப், பழகாத ஆளுக்குத் தேடல். இரண்டும் இருக்கட்டும். இன்னொன்று, ஸ்டேட்டஸ் மறுநாள் போய்விடும், ஒழுங்காக எழுதின ஒரு பக்கம் வருஷக்கணக்கில் நிற்கும்.

உமக்குச் சொந்தத் தளமே வேண்டாம் என்றால்கூட, கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிந்து வையும். அதற்குக் காசு கிடையாது. முன்னே கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது, 2021-இல் பிசினஸ் புரொஃபைல் என்று பெயர் மாற்றினார்கள். திசையன்விளைக்கு வந்து இறங்குகிறவர் பஸ் ஸ்டாண்டில் நின்று தேடுவது அதில்தான்.

திசையன்விளை கருப்பட்டி:

பதிந்துதான் இருக்கிறேன். பெயரை "ஒரிஜினல் உடன்குடி கருப்பட்டி சுக்கு கருப்பட்டி பனங்கற்கண்டு மொத்த விலை சில்லறை விலை திசையன்விளை" என்று போட்டிருக்கிறேன். மகன் போட்டுத் தந்தான். நன்றாகத்தான் வருகிறது.

வள்ளியூர் வெப்:

அண்ணாச்சி, கடைப் பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். அதற்கு மேல் ஒட்டினால் விதிமீறல், யாராவது புகார் கொடுத்தால் பதிவையே முடக்கிவிடுவார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் மேல் ஒரு கோபம் வந்தால் போதும். மீட்பதற்குள் சீசன் முடிந்துவிடும். பொருள்களைச் சொல்ல தனியாக இடம் இருக்கிறது: வகை, பொருள் பட்டியல், விவரம், புகைப்படம். அங்கே போடுங்கள்.

வரைபடத்தில் யார் மேலே வருவது என்பதற்குக் கூகுள் சொல்கிற காரணம் மூன்று. தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து தூரம், கடை எவ்வளவு பேர் பெற்றது என்பது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், நேரம், போன் நம்பர், படங்கள் சரியாக இருப்பதும், வருகிற விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவதும் நம் கையில்.

விமர்சனம் எழுதினால் கால் கிலோ கருப்பட்டி இலவசம் என்று போர்டு வைத்துவிடாதீர்கள். அதுவும் விதிக்கு விரோதம்.

திசையன்விளை கருப்பட்டி:

அதையும் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். சரி விடும்.

பத்தமடைக்காரி:

வள்ளியூர் தம்பிக்கு ரொம்ப நன்றி. வெள்ளை எழுத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். "அது டெக்னிக் மேடம்" என்றார்கள். டொமைன் நல்லவேளை என் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது என் சந்தேகம்: பக்கத்தில் எழுத்தாக என்ன எழுதுவது? கம்பெனிக்காரர்கள் "பாயில் படுப்பதன் பத்து நன்மைகள்", "கோரைப்பாயும் ஆரோக்கியமும்" என்று வரிசையாகக் கட்டுரை போட்டிருக்கிறார்கள். வாசித்தால் எனக்கே தூக்கம் வருகிறது. ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் இருந்தால்தான் கூகுள் எடுக்கும் என்கிறார்கள். உண்மையா?

ஜங்ஷன் அண்ணாச்சி:

ஆயிரம் சொல் கணக்கெல்லாம் யாரோ கட்டிவிட்டது. இத்தனை சொல் வேண்டும் என்று கூகுளில் எந்த அளவும் கிடையாது. கேட்டதற்குப் பதில் நாலு வரியில் முடிந்தால் நாலு வரி.

சரி, என்ன எழுதுவது? உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். போன் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். வருகிறவர்கள் கேட்கிற கேள்வியை அவர்கள் வாயால் கேட்டபடியே எழுதுங்கள். திருத்தாதீர்கள். "மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்ட பாய் இருக்கா" என்று கேட்டால் அப்படியே. ஒரு முகூர்த்த மாதம் முழுக்க எழுதிவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.

மேலப்பாளையம் டிடிபி:

இடையில் நுழைகிறேன். எனக்கு வேறு வகைப் பிரச்சினை. நான் திருமணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடை. ஊரில் ஒரு சங்கத்துக்கு வலைத்தளம் இருக்கிறது, பழைய மலர்களையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தளத்தில் பார்த்தால் அழகான தமிழ். ஆனால் கூகுளில் ஒரு வார்த்தை தேடினால் கிடைப்பதில்லை. ஏன்?

பாளை மாணவன்:

பாமினி எழுத்துரு அண்ணா. எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே படிக்கிற பொதுக் குறியீடான யூனிகோடு கிடையாது அது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்த எழுத்துரு. நீங்கள் "அம்மா" என்று அடிக்கும்போது உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் கண்ணுக்கு அம்மா தெரிகிறது. கூகுளுக்குத் தெரிவது எம்கே;கேஎச். அதை யார் தேடப் போகிறார்கள்?

சோதிக்க ஒரே வழி: அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. பிடிஎஃப்புக்கும் இதே சோதனைதான்.

மேலப்பாளையம் டிடிபி:

ஒட்டிப் பார்த்தேன். கிறுக்கல்தான். பேஜ்மேக்கர் காலத்திலிருந்து நாங்கள் அடித்த அத்தனை மலரும் இப்படித்தான் இருக்குமே!

பாளை மாணவன்:

மாற்றிகள் இருக்கின்றன, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு நொடியில் மாற்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடாதீர்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக நினைத்துக் குதறிவிடும். ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். வெறும் ஸ்கேன் படமாக இருக்கிற மலர்களை, படத்திலிருக்கிற எழுத்தைப் படித்துத் தருகிற எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, பிறகு திருத்துங்கள். நேரம் ஆகும். ஆனால் அந்த மலர்களில் இருக்கிற ஊர் வரலாறு இணையத்தில் வேறு எங்கும் இருக்காது, அதைத் தேடுகிறவருக்கு உங்கள் தளத்தை விட்டால் வழியில்லை. அதைவிடப் பெரிய எஸ்இஓ ஒன்றும் கிடையாது.

கல்லிடை அப்பளம்:

இணைப்பு முகவரியைத் தமிழில் வைக்கலாமா, ஆங்கிலத்தில் வைக்கலாமா? என் தம்பி தமிழ்ப்பற்றாளன், தமிழில்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறான்.

வள்ளியூர் வெப்:

கூகுளுக்குத் தமிழ் முகவரி பிரச்சினையே இல்லை, படித்துக்கொள்ளும். தொல்லை நமக்குத்தான். அதை நகலெடுத்து அனுப்பினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்ணுமாக வெடித்துவிடும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தாக நீளும். "பாய்" என்பதில் ப, கால், ய, புள்ளி என நாலு குறி, ஆகவே 36 எழுத்து. தளம் கட்டப் பலரும் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் பதிவின் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம், அதனால் நீளத் தலைப்பு வைத்தால் பாதி வார்த்தையில் அறுந்து நிற்கும். இரண்டு மூன்று சொல்லுக்குள் சுருக்கினால் தமிழிலேயே வையுங்கள். இல்லையென்றால் ஆங்கில எழுத்தில். இதனால் இடம் ஏறும், இறங்கும் என்று கவலை வேண்டாம். ஆனால் ஒருமுறை வைத்தால் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகப் புதியதுக்கு அனுப்புகிற 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடல் போட வேண்டும்.

தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கம், தனித்தனி முகவரி. ஒன்றின் வேற்றுமொழி வடிவம் இன்னொன்று என்று கூகுளுக்குச் சொல்ல எச்ரெஃப்லாங் என்ற குறியீடு இருக்கிறது. ஒரே பக்கத்தில் மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று குழப்பாதீர்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே கொட்டவும் வேண்டாம். உளுந்து அப்பளத்தை ஆங்கிலத்தில் அது என்னவாக்கும் என்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

குற்றாலம் லாட்ஜ்:

நானும் வரலாமா? தென்காசி தனி மாவட்டம் ஆனாலும் நாங்களும் நெல்லைச் சீமைதான். எங்களுடையது சின்ன லாட்ஜ். குற்றாலம் ஹோட்டல், குற்றாலம் ரூம் என்று தேடினால் முன்பதிவுக் கம்பெனிகள்தான் முதல் பக்கம் முழுக்க. அவர்களுக்குக் கமிஷன் கொடுத்துத்தான் அறை விற்கிறோம். எங்கள் தளம் வர வழி உண்டா?

ஜங்ஷன் அண்ணாச்சி:

"குற்றாலம் ஹோட்டல்" என்ற சொல்லுக்கு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம். அது அவர்களுக்கே இருக்கட்டும். இந்த இழையில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்: பெரிய சொல்லை விட்டுவிட்டு, பெரிய கம்பெனியால் பதில் சொல்ல முடியாத கேள்வியைப் பிடியுங்கள்.

உங்கள் லாட்ஜுக்கு வருகிறவர் என்ன கேட்கிறார்? "ஐந்தருவிக்கு நடந்து போகலாமா? பாட்டியைக் கூட்டி வருகிறோம், கீழ்த்தளத்தில் அறை உண்டா? சமைத்துக்கொள்ள இடம் உண்டா? எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் வெந்நீர் கிடைக்குமா? வேன் நிறுத்த இடம் இருக்கிறதா? டிரைவருக்குப் படுக்க இடம்?" இதில் ஒன்றுக்காவது முன்பதிவுத் தளத்தில் பதில் இருக்கிறதா பாருங்கள். அவர்களுக்கு உங்கள் லாட்ஜ் ஒரு வரிசை எண். டிரைவருக்குப் பாய் போட இடம் இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "குற்றாலம் ஐந்தருவி பக்கம் குடும்பத்தோடு தங்க, சமையல் வசதியுடன்" என்று தேடுகிறவர் குறைவுதான். ஆனால் அந்தக் குறைச்சலான ஆள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத் தேடுகிறவர். வெறும் "குற்றாலம்" என்று தேடுகிறவரில் பாதிப் பேர் படம் பார்க்க வந்தவர்கள்.

அப்புறம் சீசன் பக்கம். வருஷா வருஷம் "குற்றாலம் சீசன்" என்று வருஷத்தை முகவரியில் ஒட்டிப் புதுப்பக்கம் போடுவதைப் பல தளங்களில் பார்க்கிறேன். போன வருஷப் பக்கத்துக்குக் கிடைத்த இணைப்பும் பேரும் அங்கேயே கிடந்து வீணாகிறது. வருஷம் இல்லாத ஒரே முகவரி வைத்து, ஜூன் பிறக்கும் முன்னே அதே பக்கத்தைப் புதுப்பியுங்கள். ஆனித் தேரோட்டத்துக்குப் பக்கம் போடுகிற டவுன்காரர்களுக்கும் இதே கதைதான்.

குற்றாலம் லாட்ஜ்:

நல்ல யோசனை. வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அன்றைக்கு எங்களுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கும், "இன்றைக்குக் குளிக்க விடுகிறார்களா?" என்று. அதைத் தளத்தில் போடலாமா?

ஜங்ஷன் அண்ணாச்சி:

போடலாம். தினமும் காலையில் ஒருவர் மாற்றுவார் என்றால் மட்டும். "இன்று பேரருவியில் அனுமதி" என்று போட்டுவிட்டு ஒரு வாரம் தொடாமல் இருந்தால், குழந்தை குட்டியோடு மதுரையிலிருந்து வந்து இறங்கினவர் உங்களைத்தான் திட்டுவார். மேலே தேதியும் நேரமும் கட்டாயம் இருக்கட்டும். தேதியை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய விவரத்தையே வைக்கிற வேலை வேண்டாம், அதைப் பலர் செய்கிறார்கள்.

கல்லிடை அப்பளம்:

ஐந்நூறு ரூபாய்க்கு ஆயிரம் பேக்லிங்க், அதாவது வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்பு, என்று ஒருவர் தினமும் மெயில் போடுகிறார். வாங்கலாமா?

வள்ளியூர் வெப்:

வேண்டவே வேண்டாம். காசு கொடுத்து இணைப்பு வாங்கித் தளத்தை ஏற்றுகிற வேலையைப் பிடிக்கத்தான் 2012-இல் கூகுள் தேடலில் பெங்குயின் என்று ஒரு மாற்றமே கொண்டு வந்தார்கள். இன்றைக்கு அப்படி வாங்குகிற இணைப்பு பெரும்பாலும் கணக்கிலேயே சேராது. காசுதான் தண்டம். விளம்பரமாக ஓர் இடத்தில் இணைப்பு வாங்கினால் தப்பில்லை, அது விளம்பரம் என்று குறியீட்டில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான இணைப்பு நம்மைச் சுற்றியே கிடக்கிறது. அப்பளம் வாங்கி விற்கிற வெளியூர்க் கடைக்குத் தளம் இருந்தால் "எங்களுக்கு வருவது இங்கிருந்து" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். வணிகர் சங்கம், படித்த கல்லூரியின் முன்னாள் மாணவர் பக்கம், உங்களைப் பற்றி எழுதின பத்திரிகை. கேட்டால்தானே கொடுப்பார்கள்.

பாளை மாணவன்:

ஒரு கேள்வி. பக்கத்தின் முக்கியச் சொற்களைக் கண்ணுக்குத் தெரியாமல் குறித்து வைக்க மெட்டா கீவேர்ட்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் என்ன நிரப்புவது? எங்கள் பாடத்தில் அதுதான் எஸ்இஓவின் முதல் படி என்று இருக்கிறது.

வள்ளியூர் வெப்:

பரீட்சைக்கு அப்படியே எழுதி மார்க் வாங்கு தம்பி. இடவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. பக்கத்தைப் பற்றி இரண்டு வரியில் எழுதி வைக்கிற மெட்டா விவரிப்பு வேறு, அதுவும் இடத்தை ஏற்றாது, ஆனால் தலைப்புக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வருகிற இரண்டு வரி பல சமயம் அதிலிருந்துதான் வரும். வாசித்துவிட்டு ஆள் உள்ளே வரும்படி எழுத வேண்டும்.

இதை விட முக்கியமானது ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் அமைப்புகளில் "தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தளம் கட்டும்போது டிக் போடுவோம், திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் "ஏன் வரவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். தளம் வைத்திருக்கிற எல்லாரும் இப்போதே போய்ப் பாருங்கள்.

பத்தமடைக்காரி:

அண்ணாச்சி, நோட்டு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப வருவதை இங்கே எழுதுகிறேன்.

பேர் போட்ட பாய் என்ன விலை. இங்கிலீஷில் பேர் போடலாமா. இன்றைக்குச் சொன்னால் என்றைக்குக் கிடைக்கும், முகூர்த்தத்துக்கு வந்துவிடுமா. பட்டுப்பாய் என்றால் பட்டு நூலா. மடித்து வைத்தால் ஒடியுமா, சுருட்டித்தான் வைக்கணுமா. தண்ணீர் பட்டால் பூஞ்சை பிடிக்குமா. சாயம் போகுமா. பிளாஸ்டிக் பாயா கோரையா என்று எப்படித் தெரியும். அமெரிக்காவுக்குக் கொரியர் போகுமா.

இதில் "பட்டுப்பாய் என்றால் பட்டு நூலா" என்று கேட்காத ஆளே இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு பருத்தி நூல்தான், கோரையை மெல்லிசாகக் கீறி நெய்வதால் வருகிற மினுமினுப்புக்குத்தான் அந்தப் பெயர் என்று போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஜங்ஷன் அண்ணாச்சி:

அந்த வாய் வலிக்கிற பதில்தான் உங்கள் பக்கம், தங்கச்சி! பத்து நன்மைகளை யார் வேண்டுமானாலும் எழுதலாம், இப்போது இயந்திரமே எழுதிக் கொட்டுகிறது. அப்படி இடம் பிடிப்பதற்காக மட்டும் மொத்தமாக எழுதிக் குவிப்பதை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதியில் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டார்கள். மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் விதி ஒன்றுதான். அந்தக் கட்டுரைகளில் யாரும் படிக்காததை நீக்கிவிடுங்கள்.

இப்படிச் செய்யலாம். பேர் போட்ட கல்யாணப் பாய்க்குத் தனிப்பக்கம். தலைப்பு: "பத்தமடை கல்யாணப் பாய், மணமக்கள் பெயருடன்: விலை, அளவு, எத்தனை நாளில் கிடைக்கும்". கீழே முதல் பத்தியிலேயே விலை எதிலிருந்து எது வரை, எத்தனை நாள் முன்னே சொல்ல வேண்டும் என்று போட்டுவிடுங்கள். "விலைக்கு அழைக்கவும்" என்பதைத் தூக்குங்கள். விலையைச் சொன்னால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான் என்று பயப்படுகிறோம், அவன் ஏற்கெனவே ஆள் விட்டு விசாரித்திருப்பான். விலை தெரியாமல் திரும்பிப் போகிறவர் வாடிக்கையாளர்தான். அதற்கடுத்து நோட்டில் இருக்கிற கேள்வியும் பதிலும், எழுதியிருக்கிற அதே பேச்சில்.

பட்டுப்பாய் விளக்கத்துக்கு இன்னொரு பக்கம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுவது, கீறுவது, தறியில் ஏற்றுவது எல்லாம் உங்கள் வீட்டிலேயே நடக்கிறது, உங்கள் போனிலேயே படம் எடுங்கள். மாமியார் கீறுகிற கைப்படம் ஒன்று போதும், பாயே நெய்யாத கடைக்காரரால் அதைப் போட முடியாது. புவிசார் குறியீடு பெற்ற பாய் என்பதையும் அங்கே சொல்லுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் ஊர்ப் பெயரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள், டி இரட்டித்து ஒன்று, டிஎச் போட்டு ஒன்று. இரண்டும் இயல்பாக ஓரிடத்தில் வந்தால் போதும்.

வள்ளியூர் வெப்:

படத்தைப் போனில் எடுத்து அப்படியே ஏற்றாதீர்கள் அக்கா. ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அகலத்தைக் குறைத்து, குறைந்த இடம் பிடிக்கிற வெப்பி (WebP) என்ற பட வடிவில் மாற்றி ஏற்றுங்கள். முகப்பில் சுற்றுகிற அந்த ஸ்லைடரையும் எடுத்துவிட்டு ஒரே படம் வையுங்கள். பக்கத்தின் முக்கியப் படமோ எழுத்தோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இப்போது உங்கள் தளம் என் போனில் வள்ளியூரிலிருந்து ரயில் ஏறி வருகிறது. ஆனால் வேகம் ஒன்றே ஆளைத் தூக்கி முதலிடத்தில் வைக்காது. நூற்றுக்கு நூறு மார்க் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்டால், "முதலில் எனக்கு விலைப் பட்டியல் போட்டுக் கொடு" என்று சொல்லுங்கள்.

படத்துக்கு மாற்று உரை எழுதுங்கள். "படம் 1" என்று போடாமல், "மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கோரைப்பாய்" என்று. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டத்தான் அது முதலில் வந்தது, படத் தேடலுக்கும் உதவும்.

திசையன்விளை கருப்பட்டி:

பெயரைத் திருத்திவிட்டேன் அண்ணாச்சி, பலகையில் இருக்கிறபடியே. மகன் "சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி நல்லது" என்று ஒரு பக்கம் போடலாம் என்கிறான். அதைத் தேடுகிறவர்கள் ஏராளமாம்.

ஜங்ஷன் அண்ணாச்சி:

கூகுளை விடும், அது நியாயமா என்று பாரும். கருப்பட்டியும் சர்க்கரைச்சத்துதான், சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். உம்மை நம்பி ஒருவர் தினமும் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? உடல்நலம், பணம் பற்றின பக்கங்களைக் கூகுள் மற்றதைவிடக் கறாராகத்தான் பார்க்கும். டாக்டர் இல்லாத கடைத்தளம் அங்கே எடுபடாது. எந்தப் பனங்காட்டிலிருந்து பதநீர் வருகிறது, எப்போது காய்ச்சினது, மழைக்காலத்தில் இளகினால் எப்படி வைப்பது, சீனிப்பாகு கலந்ததை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எழுதும். அதை எழுத உம்மை விட்டால் ஆள் யார்?

பாளை மாணவன்:

இப்போது கூகுளே மேலே ஏஐ சுருக்கம் போட்டுவிடுகிறதே, 2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் வந்துவிட்டது. இனி தளத்துக்கு யார் வருவார்கள்?

வள்ளியூர் வெப்:

"கோரை என்றால் என்ன" என்று கேட்கிறவர் வரமாட்டார், மேலேயே படித்துவிட்டுப் போய்விடுவார். அவர் முன்பும் பாய் வாங்கினதில்லை. "பேர் போட்ட பாய் தை முகூர்த்தத்துக்குள் கிடைக்குமா" என்கிறவருக்கு யாராவது நெய்து கொடுத்தாக வேண்டுமே. ஏஐக்கென்று தனி எஸ்இஓ செய்கிறோம் என்று அடுத்த பிடிஎஃப் கோஷ்டி கிளம்பிவிட்டது. அந்தச் சுருக்கத்தில் வரத் தனியாக எந்தக் குறியீடும் வேண்டாம் என்று கூகுளே சொல்கிறது.

பத்தமடைக்காரி:

கல்யாணப் பாய்ப் பக்கத்தை எழுதி ஏற்றிவிட்டேன். கம்பெனிக்கு இந்த மாதத்தோடு சரி என்று சொல்லியாகிவிட்டது. அவர்கள் தந்த டொமைன் பெயர் ரொம்ப நீளம், எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் போனில் காசு தீர்ந்துவிடும். சின்னதாக டாட் இன் ஒன்று வாங்கலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மாற்றினால் இதுவரை கிடைத்ததெல்லாம் போய்விடுமா?

வள்ளியூர் வெப்:

ஒழுங்காக மாற்றினால் போகாது, கொஞ்ச நாள் ஆட்டம் காட்டும். பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய தளத்தில் அதற்குச் சமமான பக்கத்துக்கு 301 போட்டுத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்புகிற சோம்பேறித்தனம் வேண்டாம். சர்ச் கன்சோலில் புதியதையும் சேர்த்து, முகவரி மாற்றம் என்ற வசதியில் தெரிவியுங்கள். தளத்தின் பக்கங்களையெல்லாம் பட்டியலிடுகிற சைட்மேப் கோப்பையும் புதிதாகக் கொடுங்கள். வரைபடப் பதிவிலும், பாய்ச் சுருளில் ஒட்டுகிற லேபிளிலும், விசிட்டிங் கார்டிலும் மாற்றுங்கள். பழைய டொமைனைக் குறைந்தது ஒரு வருஷத்துக்காவது புதுப்பித்துக் கையில் வைத்திருங்கள், விட்டால் வேறு யாராவது வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவார்கள். தை முகூர்த்தம் முடியட்டும், மாசியில் சாவகாசமாக மாற்றுங்கள். சீசன் நடுவில் கை வைக்காதீர்கள்.